தனியே உலகைச் சுற்றிய மாலுமி

தஞ்சோங் காராங்கில் தெங்கி ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அங்குள்ள மீன்பிடிப் படகுகளில் இயந்திரம் உண்டு. ஆயினும், காற்றையும் கடலின் ஏற்றவற்றத்தையும் அறிந்தவரே அவற்றைப் பாதுகாப்பாகச் செலுத்த முடியும். இயந்திரமே இல்லாத பாய்மரப் படகில், துணைக்கு ஒருவருமின்றி முதன்முதலில் உலகைச் சுற்றி வந்தவர் ஜோசுவா ஸ்லோக்கம்.

ஸ்லோக்கம் 1844ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் கனடாவின் நோவா ஸ்கோசியாவில் பிறந்தார். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு, தந்தையின் காலணிப் பட்டறையில் வேலை செய்தார். மனமோ கடலையே நாடியது. தாயார் மறைந்தபின், 16 வயதில் கப்பலில் சேர்ந்தார். வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் கடற்பயணக் கணக்குகளைத் தாமே கற்றார். 25 வயதில் கப்பல் தலைவரானார்.

காலம் மாறியது. நீராவிக் கப்பல்கள் பெருகியதால் பாய்மரக் கப்பல்களுக்கு வேலை குறைந்தது. 1887இல் அவருடைய சொந்தக் கப்பல் பிரேசில் கரையில் தரைதட்டி உடைந்தது. அவர் மனந்தளரவில்லை. 35 அடி நீளப் படகொன்றைக் கட்டி, குடும்பத்துடன் அமெரிக்கா திரும்பினார்.

1892இல் நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு பழைய படகைக் கொடுத்தார். ‘ஸ்பிரே’ என்னும் அப்படகு புல்வெளியில் கிடந்து மட்கிக்கொண்டிருந்தது. ஸ்லோக்கம் அருகிலிருந்த ஓக் மரத்தை வெட்டி அடிமரம் அமைத்தார். சட்டங்களை நீராவியில் வேகவைத்து வளைத்தார். பலகை இடுக்குகளில் நீர் புகாதபடி பஞ்சைத் திணித்து அடைத்தார். 13 மாத உழைப்பில், ஏறத்தாழ 37 அடி நீளமுள்ள உறுதியான படகு உருவானது. தம் கையால் கட்டியதால், அதன் ஒவ்வொரு பலகையையும் அவர் அறிந்திருந்தார்.

1895ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், 51 வயதில், போஸ்டனிலிருந்து புறப்பட்டார். விலையுயர்ந்த கடிகாரம் அவரிடம் இல்லை. ஒரு டாலருக்கு வாங்கிய தகரக் கடிகாரமே இருந்தது. நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்தும், நிலவின் இருப்பைக் கணக்கிட்டும் படகு இருக்கும் இடத்தை அறிந்தார்.

தனி ஆளாக உறங்குவது எப்படி? பாய்களைக் காற்றுக்கு ஏற்பச் சரிசெய்து, சுக்கானையும் உரிய நிலையில் கட்டிவிடுவார். ஸ்பிரே தானாகவே திசை மாறாமல் செல்லும். இந்தியப் பெருங்கடலில் 23 நாள் சென்றபோது, அவர் சுக்கானைப் பிடித்தது மூன்று மணி நேரம்கூட இல்லை.

தென்னமெரிக்காவின் மகெல்லன் நீரிணையில் புயல் அவரை வாட்டியது. கொள்ளையர் அச்சமும் இருந்தது. எனவே, இரவில் படகின் மேல்தளத்தில் கூரிய சிறு ஆணிகளைப் பரப்பிவிட்டு உறங்கினார். இருளில் படகேறியவர்கள் ஆணிகளை மிதித்து அலறி ஓடினர். பின்னர்ப் பசிபிக்கைக் கடந்து, ஆஸ்திரேலியா, தமிழர் வாழும் மொரிசியஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் தங்கிச் சென்றார்.

1898ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், 46,000 மைல்களுக்கு மேல் கடந்து அமெரிக்காவின் நியூபோர்ட்டை அடைந்தார். இப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1900இல் வெளிவந்தது.

பின்னாளில் மீண்டும் தனியே கடலுக்குச் சென்ற ஸ்லோக்கம் திரும்பவில்லை. ஸ்பிரேயும் கிடைக்கவில்லை. ஆயினும், காலம் கைவிட்ட தொழிலின் அறிவும், பிறர் கைவிட்ட படகும் அவரை உலகம் முழுவதும் கொண்டுசென்றன. சிறு படகில் நெடுந்தூரம் செல்வோர் இன்றும் அவரையே முன்னோடியாகக் கொள்கின்றனர்.