மனம் திறந்து பேசிய மங்கை

காய்ச்சல் வந்தால் நாம் மருத்துவரிடம் செல்கிறோம். கால் இடறி விழுந்தால் மருந்திட்டுக் கட்டுப் போட்டுக்கொள்கிறோம். ஆனால் மனம் நோகும்போது மட்டும் தலையணையில் முகம் புதைத்து அழுதுவிட்டு, காலையில் ஒன்றும் நடவாததுபோல் பள்ளிக்கு வருகிறோம். பிறரிடம் சொல்ல நமக்கு வெட்கம். அந்த வெட்கத்தை வென்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம்.

பெர்த்தா பாப்பென்ஹைம் 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், வசதிமிக்க யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். யூதப் பெண்ணாயினும் அவர் கல்வி கற்றது நம் பள்ளியைப் போன்ற ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில்தான். 16 வயதில் அவரது படிப்பு நின்றது. தம்பி வில்ஹெல்ம் மேலே படிக்கச் செல்ல, அறிவுக்கூர்மை மிக்க தமக்கையோ தையலும் பின்னலுமாக வீட்டிலேயே இருந்தார். அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கும் நமக்கு அவருடைய ஏக்கம் நன்கு புரியும்.

1880இல் தந்தை கடும் நோயுற்றார். இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்த பெர்த்தாவும் நோயில் விழுந்தார். ஓயாத இருமல் வந்தது, கைகால்கள் மரத்துப்போயின, பார்வை குன்றியது. தாய்மொழியாகிய ஜெர்மன் மொழியே வாயில் வராமல், சில காலம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். அப்போது அவருக்கு வயது 21.

சிகிச்சைக்கு வந்த மருத்துவர் யோசேப் பிராயர், இதை நடிப்பென்று தள்ளிவிடவில்லை. நாள்தோறும் அருகில் அமர்ந்து, அவர் பேசுவதைப் பொறுமையுடன் கேட்டார். ஒரு கோடையில் பெர்த்தாவுக்குத் தாகம் வாட்டியும் தண்ணீர் குடிக்க இயலவில்லை. முன்பொரு நாள் நாய் ஒன்று குவளையில் நீர் குடித்ததைக் கண்டு அருவருப்படைந்தும், மரியாதை கருதி அதை வெளியே சொல்லாமல் அடக்கியிருந்தார். அதைச் சொல்லித் தீர்த்ததும், தண்ணீர் கேட்டு வாங்கிப் பருகினாராம். இம்முறைக்குப் பேச்சுச் சிகிச்சை என்று பெயரிட்டவரும் பெர்த்தாவே.

ஆனால் ஒரே நாளில் குணம் வந்துவிடவில்லை. 1881இல் தந்தை இறந்தார். 1882இல் பிராயரின் சிகிச்சை முடிந்த பின்னும் பெர்த்தா பலமுறை மருத்துவ இல்லங்களில் தங்க நேர்ந்தது. 1895இல் பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் வெளியிட்ட நூலில், அன்னா ஓ என்ற புனைபெயரில் அவர் கதை இடம்பெற்றது. பேசுவதைக் கேட்டே மனநோயைத் தீர்க்க முயலும் மருத்துவத்திற்கு அது ஒரு வித்தாயிற்று.

1888இல் தாயுடன் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்குக் குடியேறிய பெர்த்தா, ஏழைகளுக்கு உணவு வழங்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் அநாதைச் சிறுமியர் இல்லத்தின் தலைவியானார். 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். 1907இல் நொய்-இசன்பர்க் என்னும் ஊரில், ஆதரவற்ற இளம்பெண்களுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் இல்லம் அமைத்தார். ஒரு காலத்தில் தம் துயரைச் சொல்ல ஒரு செவியைத் தேடியவர், பலருடைய துயரைத் தாங்கும் தோளானார். 1936ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவ்வூரிலேயே மறைந்தார். 1954இல் மேற்கு ஜெர்மனி அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டுச் சிறப்பித்தது.

அன்புத் தோழியரே! மனச்சுமையைச் சொல்வது கோழைத்தனம் அன்று. பெற்றோரிடமோ, அருட்சகோதரியிடமோ, மனநல ஆலோசகரிடமோ வாய் திறப்போம். முதல் நாளே பாரம் இறங்காவிடினும் மறுநாளும் பேசுவோம். நம் பக்கத்து இருக்கையில் ஒருத்தி மௌனமாக இருந்தால், கேலி செய்யாமல் அவள் சொல்வதையும் கேட்போம்.