டாக்டர் சுப்பாராவ்

நோயாளி தன் வேதனையைச் சொல்வான். வைத்தியர் நாடியைப் பார்ப்பார். ஆயினும் சரீரத்தினுள்ளே நிகழ்வது யாதென்பதற்கு உதிரமும் சிறுநீரும் கூறும் சாட்சியமே பிரதானமானது. அச்சாட்சியத்தை அளந்தறியும் முறையொன்றை உலகத்திற்கு அளித்தவர்களுள் ஒருவர், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காது சென்னை வைத்தியக் கலாசாலையை விட்டு வெளிவந்த மாணவர் என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி, அக்காலச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் இரு முறை தவறி, மூன்றாம் முறை சென்னை ஹிந்து ஹைஸ்கூலிலிருந்து தேறினார். வைத்தியம் பயிலுகையில், காந்தியடிகளின் அழைப்புக்கிணங்கி, சஸ்திர சிகிச்சைக் கூடத்திலும் கதர் அங்கியே அணிந்தார். ஆங்கிலேய ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீக்ஷைகளை நன்கு எழுதியிருந்தும் எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த பட்டமே அவருக்குக் கிட்டியது.

சிறிது காலம் சென்னை ஆயுர்வேதக் கலாசாலையில் உடற்கூறு போதித்துவிட்டு, மாமனாரின் பொருளுதவியுடன் 1923-ல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரம் சேர்ந்தார். பகலில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை.

அங்கே ஸைரஸ் பிஸ்க் என்னும் ஆசிரியருடன் கூடி 1925-ல் அவர் வெளியிட்ட முறை எளியது. உதிரத்திலுள்ள புரதத்தை அமிலத்தால் பிரித்து வடிகட்டி, தெளிந்த நீரில் மாலிப்டேட் உப்பையும் வேறொரு ரஸாயனத்தையும் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுந்திருந்தால் நீலம் அடர்ந்திருக்கும், குறைந்திருந்தால் வெளிறியிருக்கும். அளவு தெரிந்த திரவத்தின் நிறத்தோடு ஒப்பிட்டால் கணக்குத் தெரிந்துவிடும். எலும்பு இளகும் ரிக்கெட்ஸ் நோயுற்ற குழந்தைகளின் உதிரத்தில் பாஸ்பரஸ் குறைவதுண்டு. சிறுநீரகம் பழுதுற்றால் மிகுவதுண்டு. அகத்தே மறைந்திருந்த நோய் இவ்விதம் கண்ணுக்குப் புலனாயிற்று. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அம்முறையைக் கைக்கொண்டன.

அவ்வளவுகோலைக் கொண்டே இருவரும் தசைகளை ஆராய்ந்தனர். 1927-ல் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளையும், 1929-ல் உயிரணுக்களுக்குச் சக்தி வழங்கும் ஏ.டி.பி.யையும் கண்டனர். ஏ.டி.பி.யை ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே வருஷத்தில் தனியே கண்டறிந்தார்.

1940-ல் சுப்பாராவ் லெடர்லி மருந்துச்சாலையில் ஆராய்ச்சிப் பொறுப்பேற்றார். அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தை ரஸாயன முறையில் செய்து 1945-ல் அறிவித்தனர். இரத்தசோகையில் சிலவகைக்கும், அவர் சகோதரரைப் பலிகொண்ட ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரஸான் 1947-ல் வெளிவந்தது. அந்நோயை ஒழிக்க அம்மருந்து இன்றும் நம் நாட்டில் வழங்கப்படுகிறது. 1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், அவர் அமெரிக்காவிலேயே காலமானார். 1923-ல் விட்டுப் பிரிந்த மனைவியை மறுபடி காணவேயில்லை.

பின்னர் 1995-ல் இந்திய சர்க்கார் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. அது நன்றே, ஆயினும் போதுமா? ஒருவன் உடுத்திய துணியைக் கொண்டு அவனது கல்வியை அளந்த அநீதிக்கு இலக்கானவர், எவர் உதிரமாயினும் உள்ளதை உள்ளபடி காட்டும் அளவுகோலை உலகுக்கு ஈந்தார். பரீக்ஷை நடத்துவோரும், பதவிக்கு ஆள் தெரிந்தெடுப்போரும் தம் கையிலுள்ள கோல் அவ்வாறு நேரியதுதானா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்களாக. சுப்பாராவுக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான மரியாதை அதுவே.