பசியில் இறந்த விதை அறிஞர் வவிலோவ்

1916ஆம் ஆண்டு, முதல் உலகப் போர் நேரம். ஈரானில் இருந்த ரஷ்யச் சிப்பாய்கள் உள்ளூர் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுத் தலைசுற்றி விழுந்தார்கள். காரணத்தைக் கண்டறியச் சென்றவர் 28 வயது தாவரவியலாளர் நிக்கோலாய் வவிலோவ். கோதுமையோடு வளர்ந்த ஒரு நச்சுப் புல்லின் விதை மாவில் கலந்திருந்தது.

மாஸ்கோ வணிகர் வீட்டுப் பிள்ளையான அவர் அதோடு ஊர் திரும்பவில்லை. பாமிர் மலைப்பக்கம் போனார். அடிவாரத்தில் கோதுமைக்குள் களையாக நின்ற 'ரை' என்ற தானியம், குளிர் மிகுந்த உயரத்தில் கோதுமை பட்டுப்போக, தானே பயிராகி நிற்பதைப் பார்த்தார். களை என்று பிடுங்கியதே மேலே போனால் உணவு!

1920இல் அவர் ஒரு விதியை முன்வைத்தார். நெருங்கிய இனப் பயிர்களில் ஒரே மாதிரியான வேறுபாடுகள் வரிசையாக வரும். கோதுமையில் கூர்முடி உள்ளதும் இல்லாததும் இருந்தால் பார்லியிலும் தேடலாம், கிடைக்கும். பயிர்களை வகைப்படுத்த அதுவரை இப்படியொரு வழி இருக்கவில்லை.

1924இல் ஆப்கானிஸ்தான், பிறகு ஷாம் தேசம், எத்தியோப்பியா என்று அலைந்தார். ஒரு பயிரின் ரகங்கள் எங்கே மிக அதிகமோ, அங்கேதான் அது முதலில் பயிரானது என்பது அவர் கணிப்பு. நாம் பாலக் என்று வாங்கும் கீரைக்கு மத்திய ஆசியாவையும், முட்டைகோஸுக்கு மத்தியதரைக் கடற்கரையையும் காட்டினார். இந்தக் கணிப்பைப் பின்னால் வந்தவர்கள் பல இடங்களில் திருத்தினார்கள். ஆனாலும் ரகங்களைத் தேட எங்கே போக வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டியது அவர்தான். நோயையும் வறட்சியையும் தாங்கும் குணம் எந்த நாட்டு ரகத்தில் ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். லெனின்கிராடில் இருந்த அவரது நிறுவனத்தில் சுமார் 2,50,000 மாதிரிகள் சேர்ந்தன.

ரகம் தேடி வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். ஸ்டாலினுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. விதையைக் குளிரூட்டியே பயிரின் குணத்தை மாற்றலாம் என்ற லைசென்கோவின் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. எதிர்த்த வவிலோவ், 1940 ஆகஸ்டில் உக்ரைனில் செடி சேகரித்துக்கொண்டிருந்தபோது கைதானார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

அதற்குள் ஜெர்மன் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. நகரமே பட்டினி. நிறுவனத்தின் ஊழியர்கள் அரிசி, கோதுமைப் பொட்டலங்களுக்கு நடுவில், அவற்றைத் தொடாமலேயே ஒவ்வொருவராக இறந்தார்கள். அரிசிப் பிரிவைக் கவனித்தவரும் அவர்களில் ஒருவர்.

1943 ஜனவரி 26 அன்று சராத்தோவ் சிறையில், உணவில்லாமல் நலிந்து, வவிலோவ் இறந்தார். வயது 55. அவர் ஒரு காலத்தில் பேராசிரியராக இருந்த ஊர் அது. 1955இல் அரசு அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அந்த நிறுவனம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.