கடைமடையை மறவாத கக்கன்

மதுரை மாநகருக்கு வடகிழக்கே மேலூர் வட்டம் பரந்து கிடக்கின்றது. குன்றுகளும் பாறைகளும் இடையிடையே தலைதூக்கி நிற்கும் அந்நிலம், முன்னாளில் வானத்தை நோக்கியே வாழ்ந்தது. 1895-ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பெற்று, மலைக்கு அப்பால் ஓடிய நீர் வைகைக்குத் திருப்பப்பட்டது. அந்நீர் கால்வாய் வழியே மேலூர்ப் பகுதியையும் எட்டியது. புன்செய் நன்செய் ஆயிற்று. அரசு மனம் வைத்துப் பொருள் செலவிட்டால் வறண்ட நிலமும் வளம் பெறும் என்பதற்கு அதுவே சான்று. ஆயினும், தலைமடை நிறைந்த பின்னரே நீர் கடைமடைக்கு வரும். சில காலங்களில் வாராமலே நின்றுவிடும். மக்கள் சமுதாயத்திலும் அத்தகைய கடைமடை ஒன்று இருந்தது. பொதுக் கிணற்றில் நீர் முகக்கவும், கோயிலுள் நுழையவும் உரிமையின்றி ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டோரின் வாழ்வே அது.

அவ்வாழ்வில் தோன்றியவர் கக்கன். மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் 1908-ஆம் ஆண்டு சூன் திங்கள் 18-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சிற்றூர்க் கோயில் பூசாரி. வறுமை கல்வியைத் தடுத்தது. ஆனால் தொண்டுள்ளத்தைத் தடுக்க இயலவில்லை. மதுரை வைத்தியநாத ஐயரின் அன்புக்கு உரியவராகி, தாழ்த்தப்பட்டோரின் கல்விக்காகக் கக்கன் உழைத்தார். 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள், ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்த சிலருள் அவரும் ஒருவர். நாட்டு விடுதலைக்காகச் சிறையும் புகுந்தார். பின்னர் இந்திய அரசியல் நிருணய சபையிலும், 1952 முதல் 1957 வரை மக்களவையிலும் உறுப்பினராக வீற்றிருந்தார்.

1957-ஆம் ஆண்டில் காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணி, தாழ்த்தப்பட்டோர் நலம் ஆகிய துறைகள் கக்கனிடம் ஒப்படைக்கப்பட்டன. நீருக்கு உரிமையின்றி நின்ற குலத்தில் பிறந்தவர் நாட்டின் ஆறுகளுக்கும் அணைகளுக்கும் பொறுப்பாளர் ஆனார்! அவர் காலத்தில், 1959-ஆம் ஆண்டில், வைகை அணை நிறைவெய்தியது. பருவ வெள்ளத்தைத் தேக்கி வைத்து, வேண்டும் காலத்தில் மதுரைச் சமவெளிக்கு வழங்க அவ்வணை துணைசெய்தது.

ஆனால், பெரிய அணைகளால் மட்டும் நாடு செழித்துவிடாது. சிற்றூரின் சாலையும், பள்ளியும், குடிநீர்க் கிணறும், சிறு ஏரியும் செம்மையுறல் வேண்டும். தலைநகரில் அமர்ந்து ஒவ்வோர் ஊரின் குறையையும் காண்பது அரிது. ஆதலின், கக்கன் அங்கம் வகித்த அவ்வமைச்சரவை 1958-ஆம் ஆண்டில் ஊராட்சிச் சட்டத்தை இயற்றியது. அதன்படி மாவட்டக் கழகங்கள் நீங்கின. 1960-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் முதல் ஊராட்சி ஒன்றியங்கள் படிப்படியாகத் தோன்றின.

அவ்வொன்றியங்களுக்கு அரசு பொருள் வழங்கிய முறை எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆற்றுப் பாசனம் உள்ள ஒன்றியத்தில் நிலவரி மிகுதியாகச் சேரும். புன்செய் மிகுந்த ஒன்றியத்தில் சிறிதளவே சேரும். எல்லார்க்கும் அவரவர் திரட்டிய தொகைக்கு ஈடாகவே அரசு வழங்குமாயின், செல்வமுள்ள ஒன்றியம் மேலும் செழிக்கும். வறிய ஒன்றியம் வறுமையிலேயே உழலும். இதனை உணர்ந்து, ஒன்றியங்களை அவற்றின் வருவாய் நிலைக்கேற்ப வகுத்து, வறியவற்றிற்கு மிகுதியான விழுக்காட்டில் மானியம் வழங்கினர். ஊர் மக்கள் செலுத்திய வீட்டு வரிக்கு இணையான தொகையும் ஊராட்சிக்குக் கிடைத்தது. ஊராரும் உழைக்க வேண்டும். மெலிந்த ஊரை அரசும் தாங்க வேண்டும் என்பதே அம்முறையின் உட்கருத்து. ஊராட்சி மன்றங்களில் தாழ்த்தப்பட்டோர்க்கும் இடம் ஒதுக்கப்பட்டது. எங்கே கிணறு வெட்டுவது, எங்கே பள்ளி அமைப்பது என்று முடிவுசெய்யும் அவையில் கடைமடையாரும் அமர வழி பிறந்தது.

பின்னர் வேளாண் துறையையும், 1963 முதல் உள்துறையையும் கக்கன் ஏற்று நடத்தினார். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றார். பத்து ஆண்டுகள் அமைச்சராக இருந்து, கோடிக்கணக்கான பொதுப்பொருளின் செலவுக்குப் பொறுப்பேற்றிருந்த அப்பெரியார், பதவி நீங்கியபோது தமக்கெனச் செல்வம் எதுவும் சேர்த்திருக்கவில்லை. பேருந்தில் மக்களோடு மக்களாகப் பயணம் செய்தார். நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவிலேயே தங்கினார். வேறொருவரைக் காண வந்த முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன், அவர் அங்கிருப்பதை அறிந்து உள்ளம் உருகி, வேண்டிய உதவிகளுக்கு ஆணையிட்டார். 1981-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் கக்கன் இயற்கை எய்தினார். தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது.

அணையில் நீர் நிறைந்திருந்தால் மட்டும் போதாது. வழியில் கால்வாய் உடைந்து ஒழுகுமாயின் கடைமடை காய்ந்தே கிடக்கும். அரசின் பொருளும் அத்தகையதே. சட்டம் அதற்குக் கால்வாய் வெட்டும். அக்கால்வாய் ஒழுகாமல் காப்பது அதனைக் கையாள்வோரின் நேர்மை. தம் கையில் ஒரு துளியும் ஒட்டாமல் பொதுநலத்தைக் காத்தவர் கக்கன். நாளை ஊராட்சி மன்றத்திலோ, அரசுப் பணியிலோ அமரவிருக்கும் இளைஞர்கள் அவர் வாழ்வை நெஞ்சில் கொள்வார்களாக!