கதவைத் தட்டிய மூவர்

தொண்ணூறுகளில் குப்பி விளக்கிற் படித்த எங்கள் வகுப்புக்கு, ஆசிரியை ஒருவர் டொக்டர் ஐடா ஸ்கடரின் கதையைச் சொன்னார். அன்று அது எனக்கு ஒரு வீரக்கதை. வைத்தியராகிப் பல வருடங்கள் சென்றபின் வேறொரு கதையாகத் தெரிகிறது.

ஐடா 1870 டிசெம்பர் 9இல் தென்னிந்தியாவின் இராணிப்பேட்டையிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜோன் ஸ்கடர் எங்களுக்கு அந்நியரல்லர். 1819இல் இலங்கைக்கு வந்து, பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷனரி அவர். பின்னர் சென்னைக்குச் சென்றார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பலர் அதே வழியிற் சென்றனர். ஐடாவுக்கோ அதில் விருப்பமில்லை. சிறுவயதில் பஞ்சத்திற் கண்ட பசித்த முகங்களை அவரால் மறக்க முடியவில்லை. அமெரிக்காவிற் படித்து அங்கேயே வாழ எண்ணினார்.

தாயார் சுகவீனமுற்றதால், சில காலம் உதவிவிட்டுத் திரும்பும் எண்ணத்துடன் 1890இல் திண்டிவனம் வந்தார். அங்கே ஓரிரவு மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர்; ஒருவர் முஸ்லிம்; மற்றவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவரின் இளம் மனைவியரும் பிள்ளைப்பேற்றில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். வைத்தியரான தன் தகப்பனாரை அழைத்துச் செல்லும்படி ஐடா வேண்டினார். அந்நிய ஆண் தங்கள் பெண்களைப் பார்ப்பதற்கு மூவருமே சம்மதிக்கவில்லை. வைத்தியம் படியாத ஐடா போய்ச் செய்யக்கூடியது எதுவுமில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

அவ்விரவு அவர் பிரார்த்தித்தார். காலையில், வைத்தியம் படிக்கப்போவதாகப் பெற்றோரிடம் சொன்னார். அவருடைய விசுவாசம் படிப்பாகவும் வேலையாகவுமே வெளிப்பட்டது.

1899இல் கோர்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். பெண்களை ஏற்றுக்கொண்ட அதன் முதல் அணியினருள் அவரும் ஒருவர். ஷெல் என்ற செல்வந்தர், மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டொலர் வழங்கினார். ஆனால் ஐடா திரும்பி வந்த சில மாதங்களில், உடனிருந்து பழக்குவார் என நம்பியிருந்த தகப்பனார் காலமானார். ஒரேயொரு கட்டிலுடன் வேலூரில் வேலை தொடங்கியது. 1902இல் பெண்களுக்கான வைத்தியசாலை எழுந்தது; 1909இல் தாதியர் பயிற்சி; 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் தேறமாட்டார்கள் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். 1922இல் முதல் அணியின் 14 பேரும் சித்தியடைந்தனர்.

முப்பதுகளின் இறுதியில் அரசாங்கம் அந்த டிப்ளோமாவை நிறுத்தி, பல்கலைக்கழகப் பட்டம் வேண்டுமென்றது. பள்ளி மூடப்படும் நிலை. எழுபது வயதிலும் ஐடா அமெரிக்காவில் ஊரூராகச் சென்று நிதி சேர்த்தார். ஆண்களையும் சேர்த்தாலன்றிக் கல்லூரி பிழைக்காது என்ற கேள்வி எழுந்தபோது, நெடுநாள் ஆதரித்த பெண்கள் சிலர் மனம் நொந்தனர். ஐடா அந்த மாற்றத்தை ஏற்றார். 1947இல் ஆண் மாணவரும் சேர்ந்தனர். 1960 மே 24இல் கோடைக்கானலில் அவர் காலமானார்.

நான் பயிற்சி வைத்தியராக இருந்தபோது, நேரம் பிந்திக் கொண்டுவரப்பட்ட ஒரு தாயை எங்களாற் காப்பாற்ற முடியவில்லை. வெளியே அவருடைய கணவர் கைக்குழந்தையின் துணிகள் வைத்த பையுடன் நின்றார். அறைக்குத் திரும்பி, இந்த வேலை எனக்கு வேண்டாமென்று அழுதேன். அப்போதுதான் ஆசிரியை சொன்ன கதையின் முற்பகுதி நினைவுக்கு வந்தது. ஐடாவும் முதலில் வேண்டாமென்றவர்தான். விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு வாட்டுக்குப் போனேன்.

உலகெங்கும் பரந்திருக்கும் சகோதரிகளே, எல்லோரும் வைத்தியராக வேண்டியதில்லை. ஆனால் இந்த நூறு வருடங்களில் எங்கள் கல்லூரி எங்களை வெறுங்கையுடன் அனுப்பவில்லை. யாரேனும் வந்து கதவைத் தட்டும்போது, எங்கள் கையிலும் கொடுப்பதற்கு ஏதோவொன்று இருக்கிறது.