வாத்தியார் ரஹீம்

சிவாஜிநகர் டீக்கடைகளில் கால்பந்துப் பேச்சு எழுந்தால் கோல் போட்டவர்களின் பெயர்கள்தான் வரிசையாக வரும். அவர்களை ஆளாக்கிய ஆசானை நினைப்பவர் சிலரே. 1951, 1962 இரண்டு முறையும் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த சையத் அப்துல் ரஹீம் அப்படி மறக்கப்பட்ட ஓர் ஆசான்.

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்த ரஹீம் பள்ளி வாத்தியாராக இருந்தவர். தாமும் ஆடியவர், ஆனால் பெயர் வாங்கியது பயிற்சியாளராகத்தான். அவர் தயார் செய்த ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

இடது காலில் பலவீனமானவர் இடது காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று தனிப் போட்டியே வைப்பாராம். செகந்திராபாத் கண்டோன்மென்ட் பகுதித் தமிழ்க் குடும்பத்துப் பையன் துளசிதாஸ் பலராம், பயிற்சிக்கு வந்து போக வசதியின்றித் தயங்கினார். சைக்கிளுக்கு வழி செய்து அவரை வரவழைத்தவர் ரஹீம்.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். நான்கே ஆண்டில், 1956 மெல்போர்னில், பூட்ஸ் அணிந்த ரஹீமின் அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரை இறுதிக்குச் சென்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அதற்கு முன் எந்த ஆசிய நாடும் அந்த நிலையை எட்டியதில்லை. நமது பெங்களூர் கெம்பையாவும் அந்த அணியில் இருந்தார்.

1962 ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி. தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்கோ தலையில் காயம், தையல். ரஹீம் கலங்கவில்லை. ஜர்னைலை முன்வரிசைக்கு மாற்றினார். இறுதி ஆட்டத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் வளர்ந்த பீட்டர் தங்கராஜைக் கோல் காக்க நிறுத்தினார். மைதானம் முழுதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். அதே தென் கொரியா 2-1 என்று வீழ்ந்தது.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ல், ரஹீம் புற்றுநோயால் காலமானார். வயது 53. அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் கண்டதில்லை.

வேலை முடிந்து மாலையில் நான்கு பையன்களைச் சேர்த்துப் பந்து சொல்லித் தரும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. பேரோ பணமோ வரவில்லையே என்று அவர்கள் சோர வேண்டாம். ரஹீமும் ஒரு பள்ளி வாத்தியார்தான்.