தீரேந்திரநாத் கங்குலி

ஐதராபாத்தில் இன்று படத் தொழில் செழித்திருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன், பேசாப் படக் காலத்தில், அதற்கு இங்கே கால்கோள் இட்டவர் ஒரு வங்காளி. நம்மைப் போலவே வெளியூரிலிருந்து வந்தவர்.

1893-இல் பிறந்த தீரேந்திரநாத் கங்குலி சாந்திநிகேதனில் ஓவியம் பயின்றார். பின் ஐதராபாத் அரசு ஓவியப் பள்ளியின் தலைவரானார். வேடம் புனைவதில் வல்லவர். தாமே பல வேடங்களில் தோன்றிய புகைப்படங்களை நூலாக வெளியிட்டார். அத்திறமையே அவரைப் படவுலகிற்கு இட்டுச் சென்றது. 1921-இல் கல்கத்தாவில் வெளிவந்த 'பிலாத் பேரத்' படத்தில் கதாநாயகனாக நடித்தார். சீமைக்குச் சென்று திரும்பியவன் சொந்த வீட்டிலேயே அந்நியனாகித் தவிப்பதைக் கண்டு மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர்.

1922-இல் நிஜாம் உஸ்மான் அலிகான் ஆதரவில் ஐதராபாத்தில் லோட்டஸ் பிலிம் கம்பெனியை நிறுவினார். படப்பிடிப்பு, சுருள் கழுவும் சாலை, திரையரங்கு யாவும் இவ்வூரிலேயே அமைந்தன. பேசாப் படத்துக்கு மொழி ஒரு தடையன்று. இடையிடையே காட்டும் எழுத்து அட்டைகளை மாற்றினால் போதும். எனவே வங்காளி ஒருவர் தக்காணத்தில் படமெடுக்க முடிந்தது. 'இந்திரஜித்', 'சிந்தாமணி' முதலியவை இங்கு உருவாயின.

1924-இல் வந்தது இடி. பம்பாயில் தயாரான 'ரஸியா பேகம்' படத்தைக் கங்குலி இங்கே திரையிட்டார். முஸ்லிம் அரசிக்கும் இந்து ஒருவனுக்கும் இடையே காதலைக் காட்டிய கதை அது. சினமுற்ற நிஜாம், சமஸ்தானத்தை விட்டு வெளியேறுமாறு ஆணையிட்டார். தாம் எடுக்காத படத்துக்காக, தாம் எழுப்பிய கூடத்தைக் கங்குலி இழந்தார்.

மறு ஆண்டே ஹிமான்சு ராயும் ஜெர்மானியர் பிரான்ஸ் ஆஸ்டனும் ஜெய்ப்பூர் மன்னரின் உதவியோடு புத்தர் வரலாற்றைப் படமாக்கினர். அக்காலத்தில் கலையை வளர்த்ததும் அரசர் தயவே, வேரோடு பிடுங்கியதும் அரசர் தயவே.

கங்குலி துவளவில்லை. கல்கத்தா திரும்பி, 1929-இல் பிரிட்டிஷ் டொமினியன் பிலிம்ஸை நிறுவினார். பேசும் படங்களையும் இயக்கினார். 1974-இல் பத்மபூஷணும், 1975-ஆம் ஆண்டுக்கான தாதாசாகிப் பால்கே விருதும் பெற்றார். 1978-இல் மறைந்தார்.

அக்காலப் படச்சுருள் நைட்ரேட் செல்லுலோஸால் ஆனது. அது தீப்பற்றும், தீப்பற்றாவிடினும் நாளடைவில் தானே சிதைந்து பொடியாகும். நம் நாட்டுப் பேசாப் படங்களில் மிகப் பெரும்பாலானவை அவ்வாறே அழிந்தன. ஆணையால் ஒரு கலைஞனை ஊரைவிட்டு விரட்டலாம். அவன் இட்ட விதையை விரட்ட இயலாது. இந்நகரில் படம் பார்க்கச் செல்லும் நாம் அவரை ஒருமுறையேனும் நினைத்தல் நன்று.